குவாரி அறையில் விழுந்தவர்

“ஞாயிறு, மாலை 5.10. முதியவரின் நடிப்பு அபாரம்.” என் நாட்குறிப்பில் உள்ள இந்த வரியை, ஒத்தக்கடைக் கலைக் கண்காட்சியில் நின்றபடியே எழுதினேன்.

அங்கே கல்குவாரி போலவே அமைத்த ஓர் அறை இருந்தது. ஒலிபெருக்கியில் வெடிச்சத்தம் கேட்டதும் முதியவர் ஒருவர் தரையில் விழுந்து, காதைப் பொத்திக்கொண்டு நடுங்கினார். நாங்கள் சுற்றி நின்று ரசித்தோம்.

டிக்கெட் கிழிக்கும் பெண் ஓடிவந்து அவரைத் தாங்கிக்கொண்டாள்.

“எங்கப்பா சார். என்னையத் தேடி உள்ள வந்துட்டாரு. குவாரி வெடியில கண்ணு முன்னால மகனைப் பறிகொடுத்தவரு. இம்புட்டுப் பேர்ல ஒருத்தருக்குக்கூடத் தூக்கத் தோணலையா?”

“நடிக்கிறாருன்னு நினைச்சேன்மா.”

“நல்லா இருந்துச்சா சார்?”

நன்றாகத்தான் இருந்தது. நாட்குறிப்பை மூடிப் பைக்குள் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவள் இடத்தில் வேறொருவர் இருந்தார். அவள் அப்பா இப்போது வீட்டைவிட்டு வெளியே வருவதேயில்லை என்றார். அதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை. போய்ப் பார்க்கத் தைரியமில்லை.