அப்பா செய்த பொருத்தனை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருட மழைக்காலத்தில், பெருமாள்மலையில் நடந்தது இது. மதுரையில் ரத்தப் பரிசோதனைப் படிப்பை முடித்துவிட்டு, கொடைக்கானலில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அப்பா லாரி டிரைவர்.

ஒருநாள் பேரிக்காய் ஏற்றிக்கொண்டு மலையிறங்கும்போது அப்பாவின் லாரியில் பிரேக் பிடிக்கவில்லை. உயிர் பிழைத்தால் மூத்த மகளைக் கட்டிக்கொடுக்காமல் தேவ ஊழியத்துக்கே ஒப்புக்கொடுக்கிறேன் என்று அந்த நொடியில் கடவுளுக்கு வாக்குக் கொடுத்து, பொருத்தனை செய்துகொண்டாராம். வண்டி மண்மேட்டில் மோதி நின்றது. அடுத்த ஞாயிறே சபையில் எழுந்து சாட்சி சொல்லிவிட்டார். அந்த மூத்த மகள் நான்தான். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் விஷயமே தெரியும்.

எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை அன்று ஆளாளுக்குத் தங்கள் விளைச்சலைப் பீடத்தின் முன் படைப்பார்கள். பிறகு அவற்றை ஏலம் விடுவார்கள். அன்றைக்கு என்னையும் முன்னால் நிறுத்துவது என்று முடிவாயிற்று. அதன்பின் ஓர் அநாதை விடுதிக்கு ஊழியம் செய்யப் போய்விட வேண்டும். லேப் வேலையும் இல்லை, கல்யாணமும் இல்லை.

எங்கள் வேதமான பைபிளில் ஒரு பழைய சம்பவம் உண்டு. போரில் ஜெயித்துத் திரும்பினால், வீட்டு வாசலில் எதிர்ப்படுவதைப் பலியிடுவதாக ஒரு தகப்பன் பொருத்தனை செய்கிறான். எதிரே வருவது அவனுடைய ஒரே மகள். சொன்னபடியே செய்கிறான். சிறுவயதில் கேட்டு மறந்த கதை. இப்போது அது என்னைத் தூங்கவிடவில்லை. மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் ரத்த அணுக்களின் எண்ணிக்கை தவறியது; மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் வழக்கம். அந்தக் காலத்து மனிதர்கள் முரடர்கள். அவசரப்பட்டு வாக்குக் கொடுக்காதே என்று எச்சரிக்கவே அது எழுதப்பட்டது. கடவுள் அப்படியொரு பலியைக் கேட்கவே இல்லை. ஒவ்வொரு காரணமாக எடுத்துப் பார்த்தேன். எதுவும் அந்தப் பெண்ணைக் காப்பாற்றவில்லை. கடைசியில் போதகரிடம் போனேன். அப்பாவும் கூட வந்தார்.

“அவளக் கொல்லலம்மா,” என்றார் போதகர். “கல்யாணம் இல்லாம ஆண்டவர் சேவைக்கு விட்டுட்டாங்கன்னு படிச்ச பெரியவங்க சொல்றாங்க.”

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் அந்தக் கதைக்கு அவர் சொன்ன ஆறுதலான முடிவுதானே எனக்கும் காத்திருந்தது!

வீட்டுக்கு வந்து அப்பா அதை உற்சாகமாகச் சொன்னார். அம்மா காபிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, அந்தப் புள்ளைக்கு ஆத்தா இல்லையா?”

“அதப்பத்தி ஒண்ணும் எழுதல.”

“அதான பாத்தேன். இருந்தா விட்டிருப்பாளா?”

“சபையே காதால கேட்டுச்சுடி. வாக்குக் குடுத்துட்டேன்.”

கொட்டை கருகும் வாசனை வந்தது.

பண்டிகை வந்தது. பூசணிக்காய், கால் கட்டிய கோழிகள், பேரிக்காய்க் கூடைகள். அப்பா முன்னால் போய் நின்று என்னை வரச்சொல்லிக் கைகாட்டினார். நான் எழுந்தேன். அம்மா என் தோளை அமுக்கி உட்காரவைத்துவிட்டுத் தான் எழுந்தாள். பாடுவதற்குத் தவிர அவள் சபையில் வாய் திறந்ததே இல்லை.

“ஐயா, லாரில இருந்தது இவரு. உசுரு தப்புனது இவரு. பொருத்தனை பண்ணுனதும் இவரு. அப்ப இவரையே எடுத்துக்கோங்க. எம்மக நாளைக்கு வெள்ளனே லேபுக்குப் போகணும்.”

“ஏலம் விடுறப்ப இவர யாருப்பா எடுக்கிறது?” என்று ஆண்கள் பக்கம் ஒரு குரல் வந்தது. சபையே சிரித்தது.

அப்பா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல நடந்து, கோழிகளுக்கும் பூசணிக்காய்களுக்கும் நடுவே தானே மண்டியிட்டார். போதகர் அவர் தலையில் கைவைத்து ஜெபித்தார். அதன்பின் வண்டி ஓடாத நாட்களிலெல்லாம் அந்த விடுதிக்கு விறகு பிளந்து கொடுத்தார் அப்பா.

அந்த வேதப் பகுதிக்கு எனக்கு இன்னும் விளக்கம் கிடைக்கவில்லை. ஆனால் வாசிக்கும்போதெல்லாம், அந்தப் பெண்ணுக்காக அங்கே ஒருவர்கூட எழுந்து நிற்கவில்லையே என்ற இடத்தை மட்டும் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை.