ஏணியண்ணனின் மேல்கட்டில்

வெளிநாட்டில் கட்டட வேலையாட்களின் கேம்ப் பஸ் ஓட்டுகிறவனுக்கு, யார் உடம்பில் எங்கே வலி என்பது தானாகத் தெரிந்துவிடும். டாக்டருக்குக் காதில் மாட்டிக்கொள்ள ஒரு குழாய் வேண்டும். எனக்குக் கதவுக்கு மேலே இருக்கிற கண்ணாடி போதும். முதுகு பிடித்தவன் பையை முதலில் உள்ளே எறிந்துவிட்டு ஏறுவான். வயிறு சரியில்லாதவன் கதவோரச் சீட்டுக்கு அடித்துக்கொள்வான். முட்டி போனவன் எப்போதும் ஒரே காலை முதல் படியில் வைத்து, கம்பியைப் பிடித்துத் தன்னைத் தானே மேலே இழுத்துக்கொள்வான்.

ஏணியண்ணன் அப்படி ஏறியதை நான் முதலில் பார்த்த காலையில் லேசாகத் தூறிக்கொண்டிருந்தது.

"படி வழுக்குதுடா" என்றார், நான் ஒன்றும் கேட்காமலேயே.

அவர் சாரம் கட்டுகிறவர். கட்டடம் மேலே போவதற்கு முன்னால் அவர் போய்விடுவார். இரும்புக் குழாய், கிளாம்ப், பலகை, இடுப்பில் பெல்ட், தொங்குகிற ஸ்பேனர். ஏணி என்று பெயர் வந்ததே அவர் ஏணியில் ஏறாததால்தான். குழாயைப் பிடித்தே போய்விடுவார். கீழே எவனாவது ஏணியைத் தேடிக்கொண்டு நின்றால் மேலேயிருந்து குரல் வரும்: "என்ன மாப்ளே, லிப்டுக்கு நிக்கிறியா?"

அவரும் நானும், எலக்ட்ரீஷியன், பெயிண்டர், பிளம்பர் என்று எட்டுப் பேர் ஒரே அறை. இரும்புக் கட்டில்கள், இரண்டடுக்கு. அறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வந்தவன் மேல்கட்டில். கீழே ஒருவன் ஊருக்குப் போனால் மேலே மூத்தவன் எவனோ அவன் கீழே இறங்குவான். கம்பெனி போட்ட சட்டம் இல்லை. ஆனால் எல்லாக் கேம்பிலும் அப்படித்தான். அதனால் ஒருவன் எந்தக் கட்டிலில் படுக்கிறான் என்று பார்த்தாலே அவன் நிலவரம் தெரிந்துவிடும். முறை வராமல் ஒருவன் கீழே வந்துவிட்டால், உடம்புக்கு என்னவோ என்று அர்த்தம்.

ஏணியண்ணன் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். அவர் கீழே வந்திருக்க வேண்டிய முறை பல தடவை வந்து போயிற்று. அவர் இறங்கவில்லை.

"ஏண்ணே, இந்த வயசுல எதுக்கு இந்தத் தாவல்?" என்று எலக்ட்ரீஷியன் கேட்பான்.

"வயசு உனக்குத்தான்டா. மூட்டைப்பூச்சி கீழேருந்துதான் கிளம்பும். உன்னைக் கடிச்சு வயிறு ரொம்பினதும் அதுக்கு மேல ஏற சோம்பேறித்தனம் வந்துடும். நான் நிம்மதியா தூங்குவேன்."

அறை சிரிக்கும். நான் அவருக்கு நேர் கீழ்க்கட்டில். அவர் ஏறும்போது இரும்பு முனகுவதும், அதோடு சேர்ந்து அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதும் எனக்குத்தான் கேட்கும். காலையில் மற்றவர்கள் குளிக்க வரிசையில் நிற்கும்போது அவர் மேலேயே உட்கார்ந்து முட்டியில் தைலம் தேய்ப்பார். வாசனை காட்டிக்கொடுக்கும் என்று மேலே பவுடர் போடுவார். இரண்டும் சேர்ந்து ஒரு விசித்திரமான நாற்றம். பெயிண்டர் அதை "அண்ணனோட சென்ட்டு" என்பான்.

ஒருநாள் பஸ்ஸில் கடைசி ஆள் இறங்கிய பிறகு நான் நேராகவே கேட்டுவிட்டேன். "எந்த முட்டிண்ணே?"

கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். "இடது. யார்கிட்டயும் சொல்லாத."

"டாக்டர்கிட்ட காட்டலாமே."

"காட்டினா? ஏறக் கூடாதும்பான். சாரம் கட்டுறவன் ஏறலன்னா அவன் எதுக்கு? அடுத்த பிளேன்ல ஏத்திடுவான். உங்க அண்ணி இங்க, நான் அங்க. அதுக்குத்தான் யோசிக்கிறேன்."

இதுதான் சங்கதி. அண்ணியும் அதே நகரத்தில்தான் இருந்தார். அண்ணன் வந்து சில வருடம் கழித்து, நகரத்தின் இன்னொரு கோடியில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்கு வந்தவர். சமையலறைக்குப் பக்கத்தில் சாமான் வைக்கிற அறையில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வாரத்தில் ஒரு நாள், மத்தியானத்துக்கு மேல் லீவு. பிள்ளை ஊரில் குடும்பமாகிவிட்டான். வீடும் கட்டியாயிற்று. "இன்னும் ரெண்டு வருஷம்" என்பது அவர்கள் இருவருக்கும் ஒரு பேச்சு. எந்த வருஷம் கேட்டாலும் அதே பதில்தான் வரும்.

லீவு நாளில் கேம்ப் ஆட்களை டவுனுக்குக் கொண்டு போய் விடுகிற வண்டியும் என்னுடையதுதான். பெரிய சாலைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஸ்டாப். அண்ணி வருகிற பஸ் அந்தப் பக்கம் நிற்கும். நடுவில் இரும்புப் பாலம். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில், தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு, பாலத்தில் ஓடி ஏறி இறங்கி அந்தப் பக்க நிழற்குடைக்குப் போவார். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவார்கள். என்ன அவ்வளவு பேச்சு என்று நான் வண்டியிலிருந்து பார்ப்பேன். அண்ணி கையை ஆட்டி ஆட்டி அந்த வீட்டுக் குழந்தை சாப்பிடாமல் படுத்துகிற பாட்டை நடித்துக் காட்டுவார். அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார். எங்கள் அறையில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு திடீரென்று அண்ணி எங்கள் பக்கம் வந்து நிற்க ஆரம்பித்தார்.

"பஸ்ஸை இப்ப சுத்தி விடுறாங்க தம்பி. இந்தப் பக்கமே இறக்கி விட்டுடுறான்" என்றார் என்னிடம்.

எந்தப் பஸ் எந்தப் பக்கம் போகிறது என்று எனக்குத் தெரியாதா? ஒன்றும் மாறவில்லை. அவர் முன்னதாக வந்து, பாலம் ஏறி இறங்கி, மூச்சு அடங்கும் வரை நின்று, புடவையைச் சரி செய்துகொண்டு, அப்போதுதான் வந்தவர் மாதிரி நிற்பார். நான் வாயைத் திறக்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் டிரைவருக்கு என்ன வேலை.

அந்தச் சமயத்தில்தான் பிளம்பர் ஊருக்குப் போனான். ஜன்னலோரக் கீழ்க்கட்டில் காலி. எலக்ட்ரீஷியனும் பெயிண்டரும் கூடிப் பேசி, அண்ணனுக்கு ஒரு மரியாதை செய்ய முடிவெடுத்தார்கள். நான் வண்டியைக் கழுவிவிட்டு வருவதற்குள் காரியம் முடிந்திருந்தது. அவருடைய மெத்தை, தலையணை, டிரங்குப் பெட்டி எல்லாம் கீழே. புது விரிப்பு. தலைமாட்டில் ஒரு டேபிள் ஃபேன் வேறு. மேலே இருந்த அவர் இடத்துக்குப் பெயிண்டர் மாறியிருந்தான்.

அண்ணன் ஓவர்டைம் முடிந்து வேறு வண்டியில் வந்தார். வாசலிலேயே நின்று பார்த்தார்.

"யாருடா என் சாமானைத் தொட்டது?"

"நாங்கதாண்ணே. நீங்களா கேக்க மாட்டீங்க. ராஜா மாதிரி படுங்க" என்றான் பெயிண்டர். மெய்யாகவே பெருமையாகச் சொன்னான்.

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அந்த இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு எப்படித் திட்டுவது? கட்டிலில் உட்கார்ந்து விரிப்பைத் தடவினார். "பூப்போட்ட விரிப்பு வேற. கல்யாண மாப்பிள்ளைன்னு நெனச்சீங்களாடா" என்றார். அன்று கீழேயே படுத்தார். அவர் முனகல் கேட்கவில்லை. அவர் அசந்து தூங்கினார்.

இரண்டு நாள் கழித்துப் போர்மேன் அறைக்கு வந்தார். மறுநாள் கூடுதல் வேலைக்கு ஆள் சொல்ல வருவது அவர் வழக்கம். அண்ணன் புதுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். போர்மேன் கண் அங்கேயே நின்றது.

"என்ன ஏணி, எறங்கிட்ட?"

"பசங்க ஆசைப்பட்டாங்க சார்."

"எத்தனை வருஷமா அவங்களும் ஆசைப்பட்டாங்க, நீ எறங்கல. எந்திரி பார்ப்போம். குத்துக்கால் போட்டு உக்காரு."

அண்ணன் உட்கார்ந்தார். எழுந்திருக்கக் கட்டில் சட்டத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. போர்மேன் அதைப் பார்த்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. மேலேயிருந்து ஒருவன் விழுந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். "காலையில கிளினிக் போயிட்டு அப்புறம் வேலைக்கு வா" என்று சொல்லிவிட்டுப் போனார். பெயிண்டர் அழாத குறையாக நின்றான். "உன்னால இல்லடா. முட்டி என்னுது" என்றார் அண்ணன்.

மறுநாள் நான்தான் கூட்டிப் போனேன். டாக்டருக்கு நம் பாஷை வராது. கம்பவுண்டர்தான் நம் பாஷையில் மாற்றிக் கேட்டான்.

"எவ்வளவு நாளா வலி?"

"நேத்துலேருந்து."

டாக்டர் முட்டியைப் பிடித்து மடக்கினார். மணலை அரைக்கிற மாதிரி சத்தம் எனக்கே கேட்டது. அவர் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார். கம்பவுண்டர் தயங்கினான். "நேத்துன்னா எந்த வருஷத்து நேத்துன்னு கேக்குறாரு." அண்ணனும் சிரித்துவிட்டார். உயரத்தில் வேலை கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஸ்டோரில் போடச் சொல்லிப் போர்மேன் கேட்டுப் பார்த்தார். சாரம் கட்ட வந்த ஆளுக்கு ஸ்டோரில் இடமில்லை என்று ஆபீஸ் சொல்லிவிட்டது. மாசக் கடைசியில் டிக்கெட்.

அந்த லீவு நாளில் அண்ணன் என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். துணைக்காம். ஸ்டாப்பில் அண்ணி ஏற்கெனவே இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் நேராகவே சொன்னார். "என்னை அனுப்புறாங்க. நீ இரு. உனக்கு இன்னும் ரெண்டு வருஷம்..."

"முட்டிதானே?"

"உனக்கு எப்படி..."

"பாலத்துல ஏறும்போது சிரிச்சுக்கிட்டே ஏறுவீங்க. மனுஷன் எவனாவது படிக்கட்டைப் பாத்து சிரிப்பானா? அதுலயே தெரிஞ்சு போச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும் வரேன். அந்த வீட்டு அம்மாகிட்ட சொல்லிட்டேன். வேற ஆள் வர்ற வரைக்கும் இருன்னாங்க, மாசக் கடைசி வரைக்கும்தான் முடியும்னு சொல்லிட்டேன்."

"எப்ப சொன்ன? எனக்கே இந்த வாரம்தானே தெரியும்?"

"ஆபீஸ்ல உங்களுக்கு டிக்கெட்னு சொன்ன அன்னிக்கே." அண்ணி என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். போன் போட்டுச் சொன்னது நான்தான், வேறு யார்.

"கிறுக்கா உனக்கு? வீட்டுல உக்காந்து என்ன பண்ணப் போறோம்? வாரம் பூரா ஒண்ணா இருந்து நமக்குப் பழக்கமே இல்லையே."

"பழகிக்கலாம். இத்தனை வருஷத்துல உங்ககூட வாய் நிறைய ஒரு சண்டை போட்டதில்ல. அரை நாளு லீவுல யாரு சண்டை போடுவா? மனசுக்குள்ளயே மூட்டை கட்டி வச்சிருக்கேன். ஊருக்கு வாங்க, ஒவ்வொண்ணா பிரிக்கிறேன்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "கேட்டியாடா. இதுக்கு, சாரத்து மேலேருந்தே விழுந்திருக்கலாம்." ஆனால் அவர் கை அண்ணியின் கைமேல் இருந்தது.

இருவரும் தனித்தனியாக வந்தவர்கள். ஒரே விமானத்தில் போனது அதுதான் முதல் தடவை. நான்தான் கொண்டு போய் விட்டேன். உள்ளே போகும் வரை ஜன்னல் சீட் யாருக்கு என்று பேசிக்கொண்டே போனார்கள்.

இப்போது எனக்குக் கம்பெனி தனி அறை கொடுத்திருக்கிறது. அகலக் கட்டில், ஏசி, சொந்தமாக ஒரு அடுப்பு. ஒருவனுக்குச் சமைக்க அளவு தெரியாமல் இன்னும் எட்டுப் பேருக்குப் போடுகிற மாதிரி அரிசியைப் போட்டுவிடுகிறேன். போன வாரம் தின்று முடியாமல் உட்கார்ந்திருந்தபோது அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"என்னண்ணே, எப்படி இருக்கீங்க?"

பின்னால் அண்ணியின் குரல் உரத்துக் கேட்டது, பாத்திரம் வைக்கிற சத்தத்தோடு.

"அப்புறம் பேசுடா" என்றார். "நல்ல கட்டத்துல இருக்கோம். இவ இப்பத்தான் மூணாவது வருஷத்துச் சண்டைக்கு வந்திருக்கா."