வரிசையின் கடைசி இடம்

என் தாயாரின் தங்கை ஜோசஃபின், தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் காக்ஸ் டவுனில் பிறந்தவர், ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், திருமணம் செய்துகொள்ளாதவர். எங்கள் குடும்ப வரலாற்றில் அவருக்கான பக்கங்களில் பெரும்பகுதியைச் சனிக்கிழமைப் பிற்பகல்களே நிரப்புகின்றன. தேவாலயத்தின் பின்புறக் கூடத்தில் 'விடிவெள்ளி' என்ற சிறுமியர் அணியை அவர் நடத்திவந்தார். பெயரைக் கேட்டாலே தலைகுனியும் பிள்ளைகளை நாலு பேர் முன்னால் நின்று பேசவைப்பதே அந்த அணியின் நோக்கம்.

அங்கே கண்கட்டு நடை என்றொரு பயிற்சி உண்டு. பிள்ளைகள் கண்களைத் துணியால் கட்டிக்கொண்டு, முன்னால் நிற்பவளின் தோளில் கைவைத்து, கூடத்துப் படியிறங்கி, வேப்பமரத்தையும் பழைய கிணற்றையும் சுற்றி வருவார்கள். முதலில் நிற்பவள் மட்டும் கண்திறந்து வழி சொல்வாள். மிகவும் கூச்சமுள்ளவளுக்குக் கடைசி இடம். அவளுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. சித்தி சிறுமியாக அந்த அணியில் சேர்ந்தபோதே இருந்த வழக்கம் அது.

கடைசியில் நடப்பவளின் தோளில் ஒரு கை வந்து படியும். சித்தியின் தோளில் படிந்திருக்கிறது, நானும் அந்த அணியில் சிறுமியாக நடந்தபோது என் தோளிலும். சிறிய கை, ஈரத்துணியைப் போன்ற குளிர்ச்சி. திரும்பிப் பார்த்தால் வேப்பஞ்சருகைத் தவிர அங்கே ஒன்றும் இராது. அந்தக் கையை உணர்ந்த பிள்ளை அதன்பின் முன்னே வந்து நிற்க அஞ்சியதில்லை. யாருடைய கை என்று கேட்டால், "முன்னாடி பாத்து நட மா," என்பார் சித்தி. அதற்குமேல் அவர் சொன்னதில்லை.

ஈராண்டுகளுக்கு முன் கூடத்தின் நிர்வாகக் குழு ஒரு முடிவெடுத்தது. அரசு அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்கு மட்டுமே இனிக் கூடம் கிடைக்கும். இல்லையெனில் சனிக்கிழமைகள் ஒரு டியூஷன் வகுப்புக்குப் போய்விடும். சித்தி விண்ணப்பித்தார். இளைஞர் நலத் துறையிலிருந்து நிருபமா என்ற அதிகாரி பார்வையிட வந்தார். பிள்ளைகள் பேசியதையும் கூட்டம் நடத்தியதையும் கண்டு மகிழ்ந்தவர், நடைப்பயிற்சிக்கு வரிசை நின்றதும் புருவத்தைச் சுருக்கினார். கடைசியில் நின்றவள் தர்ஷினி. அணியில் சேர்ந்தது முதல் வாய்விட்டு ஒரு சொல்லும் பேசாதவள்.

"அந்தப் பொண்ணுக்குப் பின்னாடி யாரு மேடம்?"

"யாரும் நிக்க மாட்டாங்க மா. எங்க வழக்கம் அது."

"ஹௌதா? அப்படியா? கிணறு வேற இருக்குது. கடைசில பெரியவங்க ஒருத்தர் நின்னே ஆகணும், அது ரூல். இல்லன்னா நான் ரெகமெண்ட் பண்ண முடியாது."

நிர்வாகக் குழுச் செயலர் ஜாய்சன் சிரித்தார். "சும்னே, பேருக்குப் போய் நில்லுங்க ஆன்ட்டி. பேய் புடிச்சா ஃபாதர் பக்கத்துலதான இருக்காரு!"

பிள்ளைகளில் ஒருத்தியும் சிரிக்கவில்லை.

சித்தி அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே போய் நின்றால் வழக்கம் போகும். நிற்காவிட்டால் அணியே போகும். பின்பு ஒரு துணியை எடுத்துத் தம் கண்களையும் கட்டிக்கொண்டார். வலக்கையைத் தர்ஷினியின் தோளில் வைத்தார். இடக்கையில் விசில்.

வரிசை நகர்ந்தது. நிருபமா கைபேசியில் படம் பிடித்தார். நான் படியில் நின்றிருந்தேன். நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன். கிணற்றருகே சித்தியின் முகம் ஒருபக்கமாகச் சாய்ந்தது, இடுப்புயரத்தில் யாரோ பேசுவதைக் கேட்பவரைப் போல.

நடை முடிந்தது. தர்ஷினி கண்கட்டை அவிழ்த்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கக் கேட்டாள்:

"எதுக்கு மிஸ் ரெண்டு கையும் வெச்சீங்க? ஒண்ணு சூடா இருந்துச்சு, ஒண்ணு ஜில்லுனு இருந்துச்சு."

சித்தியின் இடக்கை இன்னும் விசிலைப் பற்றியிருந்தது. நிருபமா தாம் எடுத்த படத்தை ஓடவிட்டுப் பார்த்தார், மீண்டும் பார்த்தார், கைபேசியைப் பைக்குள் வைத்து மூடினார்.

"கடைசில பொறுப்பாளர் ஒருத்தர்னு எழுதவா மேடம்... ரெண்டு பேர்னு எழுதவா?"

"நீங்க பாத்ததை எழுதுங்க மா."

அங்கீகார ஆணை கூடத்துச் சுவரில் தொங்குகிறது. வரிசைக் கடைசிப் பொறுப்பாளர்கள்: இருவர்.

சென்ற தவக்காலத்தில் சித்தி காலமானார். கடைசியில் பெரியவர் ஒருவர் நிற்காவிட்டால் ஆணை செல்லாது என்பதால், சனிக்கிழமைதோறும் அங்கே இப்போது நான் நிற்கிறேன். தர்ஷினி முன்னால் நின்று வழி சொல்கிறாள். எனக்கு முன்னால் நடக்கும் பிள்ளை, இரண்டு கைகளை உணர்ந்ததாகச் சொல்கிறாள். அவற்றில் ஒன்றுதான் என்னுடையது.

என் தோளிலும் ஒரு கை படிகிறது. சிறியதன்று, குளிர்ந்ததுமன்று. தட்டச்சில் காய்த்துப்போன விரல்நுனிகள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை.