ஷஹாபுதீன் பேசிய கல்யாணப் படம்

முதலியார்பேட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த ஷஹாபுதீனுக்கு ஒரு பழக்கம். கேமராவில் கண்ணை வைத்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். "இந்த மூஞ்சிக்கு எந்தப் பக்கம் லைட்டு அடிச்சாலும் ஒண்ணுதான்" என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். போட்டோவில் குரல் விழாது என்பதால் பிழைப்பு சுகமாக ஓடியது.

எண்பத்தைந்தாம் வருஷம், பாரிசிலிருந்து லீவில் வந்த அக்கா புருஷன் ஒரு வீடியோ கேமரா கொண்டுவந்து கொடுத்தார். தோளில் வைத்தால் ஆட்டுக்குட்டி கனம். கூட வந்த விளக்கப் புத்தகம் முழுக்க பிரெஞ்சு. ஷஹாபுதீனுக்கோ நன்றி சொல்லும் 'மெர்சி'க்கு மேல் பிரெஞ்சு கிடையாது. மனைவி ஜரினாவை முற்றத்தில் நடக்கவிட்டுப் படம் பிடித்து, கேமராவின் குட்டிக் கண்ணாடியிலேயே ஓட்டிப் பார்த்தார். அதில் சத்தம் வராது; ஜரினா நடந்தாள். அது போதுமென்று தொழிலில் இறங்கிவிட்டார்.

முதல் கிராக்கி ராமலிங்கம். அவர் மகள் கமலா கல்யாணத்தை எடுத்துக் கொடுத்தபின், படம் பார்க்கத் தெருவே அவர் வீட்டுக் கூடத்தில் கூடியது. ஷஹாபுதீனுக்கு முன்வரிசையில் நாற்காலி. கேசட்டைப் போட்டார்கள். நாதஸ்வரத்துக்கும் மேலே ஒரு குரல் கேட்டது.

"யப்பா, ராமலிங்கத்துத் தொப்பைக்கே தனியா ஒரு கேசட்டு வேணும்."

கூடம் திரும்பிப் பார்த்தது. ஷஹாபுதீன் நாற்காலியில் பாதியாகச் சுருங்கினார். குரல் நிற்கவில்லை.

"மாப்ள, வாய மூடுய்யா. ஈ பூந்துடும்... இந்த அம்மா அழுவுதா சிரிக்குதா, ஒண்ணும் வெளங்கல... காலைலேந்து நிக்கிறேன், ஒரு காப்பி குடுக்க நாதியில்ல."

ராமலிங்கம் எழுந்தார். "இன்னா பாய் இது?"

"குரலும் விழும்னு தெரியாதுண்ணே" என்றார் ஷஹாபுதீன்.

ராமலிங்கத்தின் மனைவி செல்வாம்பாள்தான் முந்தினாள். "அய்யய்யோ, காப்பி குடுக்கலியா!" என்று அடுப்படிக்கு ஓடினாள். மாப்பிள்ளை சட்டென்று வாயை மூடினான். அதைப் பார்த்து கமலா குபீரென்று சிரிக்க, கூடமே சிரித்தது. கடைசியில் ராமலிங்கமும் தொப்பை குலுங்கச் சிரித்து, "தொப்பைய இன்னொரு வாட்டி போடு" என்றார்.

அடுத்த கல்யாணத்தில் ஷஹாபுதீன் வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு எடுத்தார். அந்தக் கல்யாண வீட்டார் கேசட்டோடு சண்டைக்கு வந்தார்கள். "ராமலிங்கம் வூட்டுக்கு மட்டும் பேசுவீங்க, எங்களுக்குப் பேச மாட்டீங்களா?"

பேசு என்று சொன்னபின் பேச்சு வரவில்லை. உழவர்கரையில் ஒரு கல்யாணம் முழுக்க, "வணக்கம், இது பந்தல்" என்பதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. வேர்த்ததுதான் மிச்சம்.

வழி கண்டுபிடித்தது ஜரினா. தன் தம்பி பாவாவை லைட்டு பிடிக்க அனுப்பினாள். பாவா லைட்டைக் கல்யாணப் பெண்ணின் மேல் தவிர எல்லா இடத்திலும் அடிப்பான். பந்தியில் அப்பளம் வந்தால் அப்பளத்தின் மேல் அடிப்பான்.

அவனைத் திட்டத் திட்ட ஷஹாபுதீனுக்கு வாய் திறந்துகொண்டது. அதன்பின் முகூர்த்த நாளில் அவரைப் பிடிப்பது கஷ்டமாகிவிட்டது.