பின்னறை வளைவு

நீளமான எஞ்சினுக்கு அகலமான வளைவு வேண்டும். குட்டி எஞ்சின் எங்கேயும் திரும்பிவிடும். பொம்மை ரயில் வைத்திருப்பவனுக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான். எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. எஞ்சினோடு வந்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. நான் எஸ்டேட் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன்.

என்னிடம் இரண்டு எஞ்சின். ஒன்று நாலு சக்கரக் குட்டி. மற்றது டீசல், ஒரு சாணுக்கு மேல் நீளம். முன்னால் மூன்று ஜோடிச் சக்கரம், பின்னால் மூன்று ஜோடி. அலோர் ஸ்டாரில் வீடு காலி செய்த ஒரு சீனப் பெரியவர் தண்டவாளமும் பலகையும் சேர்த்துக் கொடுத்தார். சுங்கை லாலாங்கில் எங்கள் வீட்டுப் பின்னறையில் போட்டேன். அறை நிறைந்துவிட்டது. பரவாயில்லை. கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவன். வேறு வேலை இல்லை.

பிறகு அண்ணனுக்கு இனிப்பு நீர் வியாதியில் கால் போனது. வலது கால், முட்டிக்குக் கீழே.

அண்ணன் நிஜ ரயில் ஓட்டியவர். அண்ணி இறந்துவிட்டார். மகள் ஜொகூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். அதனால் எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னறைதான் பாத்ரூமுக்குப் பக்கம். சக்கர நாற்காலியில் கதவருகே உட்கார்ந்து அறையைப் பார்த்தார்.

"என்னடா, ஸ்டேசன் மாஸ்டர் ஆயிட்டியா?"

"எல்லாத்தையும் எடுத்துர்றேன்ணே."

"எதுக்கு எடுக்குற? நான் எங்க படுக்கறதுன்னு மட்டும் சொல்லு. தண்டவாளத்துலயா?"

என் மனைவி சிரிக்கவில்லை. "மாமா, பாத்ரூம் போகணும்னா இவரக் கூப்பிடுங்க. தூக்கிட்டுப் போவாரு."

அண்ணன் முகம் மாறியது. "தூக்குற கதையே வேணாம்மா. ஆஸ்பத்திரியில தூக்குனது போதும். நாற்காலி திரும்ப எடம் விடுங்க. நானே போயிக்குவேன்."

அவர் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான்.

நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். கட்டில் பக்கத்திலிருந்து கதவைப் பார்த்துத் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று தரையில் சாக்கட்டியால் கோடு போட்டேன். கோடு பலகைக்கு அடியில் போனது. கோட்டுக்கு மேலே இருந்த பலகையை ரம்பத்தால் அறுத்தேன். மிச்சம் இருந்த பலகையில் தண்டவாளத்தை வளைத்துப் போட்டேன். வளைவு சின்னதாகிவிட்டது.

குட்டி எஞ்சின் சுற்றியது. நீள எஞ்சின் பாதி வளைவில் தடம் புரண்டது. மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்த சிக்னல் கம்பத்தையும் சாய்த்தது.

"நான் ஓட்டுன காலத்துல ஒரு கம்பத்தத் தொட்டதில்லடா," என்றார் அண்ணன், கட்டிலில் சாய்ந்தபடி. "நீ ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுன கம்பெனியில செவரு இன்னும் இருக்கா?"

"வளைவு சின்னதுண்ணே."

"அப்ப மெதுவா விடு லா."

மெதுவாக விட்டாலும் புரண்டது. கவிழ்த்துப் பார்த்தேன். மூன்று ஜோடிச் சக்கரம் ஒரே நேராக நிற்கும்போது வளைவில் நடு ஜோடிக்குப் போக்கிடம் இல்லை. அது கொஞ்சம் பக்கவாட்டில் நகர வேண்டும். நகராவிட்டால் தண்டவாளத்தில் ஏறி வெளியே குதிக்கும். உள்பக்கம் இடித்த பிளாஸ்டிக்கை அரத்தால் தேய்த்தேன். பெட்டிகள் ஒன்றை ஒன்று உள்ளே இழுக்காமல் இருக்க, கொக்கியைக் கம்பி வைத்து நீளமாக்கினேன். நீளப் பெட்டிகளை எடுத்துவிட்டு இரண்டு குட்டைச் சரக்குப் பெட்டி மட்டும் கோத்தேன். சுற்றியது.

"ம்," என்றார் அண்ணன். பிறகு கண்ட்ரோலரை அவர் வாங்கிக்கொண்டார். திருப்பித் தரவில்லை.

இப்படிக் கொஞ்ச காலம் ஓடியது. காலையில் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவரே பாத்ரூம் போவார். வந்து ரயில் ஓட்டுவார்.

ஆயுத பூஜை வந்தது. மனைவி வாசலில் நிற்கிற காடிக்கு, மோட்டார் சைக்கிளுக்கு, கிரைண்டருக்கு, அரிவாள்மனைக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தாள். அண்ணன் நாற்காலிக்கும் வைத்தாள்.

"எஞ்சின விட்டுட்டியேம்மா," என்றார் அண்ணன். "நாங்க ஷெட்டுல மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்காம வண்டிய எடுக்க மாட்டோம்."

"இதுக்கு எந்த எலுமிச்சம்பழத்த மாமா வைக்கிறது? பழத்து மேல எஞ்சினத்தான் வைக்கணும்."

"லீமாவ் கஸ்தூரி இருக்குல்ல? சின்னப் பழம் தானே."

அதுவும் பெரிது. அண்ணன் விடவில்லை. மெல்லிசாக நறுக்கச் சொன்னார். இரண்டு சில்லில் குங்குமம் தடவித் தண்டவாளத்தில் வைத்தேன். மனைவி நீள எஞ்சின் நெற்றியில் சந்தனம் தடவி, குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். அண்ணன் கண்ட்ரோலரைத் திருகினார். எஞ்சின் ஏறி நசுக்கிவிட்டுப் போனது. மூன்று பேரும் கை தட்டினோம்.

அடுத்த நாளிலிருந்து அது வளைவில் தண்டவாளத்தின் மேல் நிற்கவில்லை. போகும், ஏறும், புரளும். ஒவ்வொரு முறையும் அதே இடம். தண்டவாளத்தைத் துடைத்தேன். ஆணியை இறுக்கினேன். புரண்டது. வளைவு தாங்கவில்லை, அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன்.

அறுத்த பலகைத் துண்டு வெளியே கிடந்தது. அதில் ஒரு பகுதியை எடுத்து, பழைய இடத்தில் கீல் வைத்துப் பொருத்தினேன். வளைவு கொஞ்சம் அகலமாகும். நாற்காலி திரும்ப வேண்டுமென்றால் மடக்கிவிடலாம்.

"மடக்குறது சுசா இல்லல்ல அண்ணே? கஷ்டமா இருந்தா சொல்லுங்க."

"பாத்துக்கலாம்," என்றார்.

வளைவை அகலப்படுத்திய பிறகு எஞ்சின் ஒருவாறு சுற்றியது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு மதியம் முன்வாசலில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். உள்ளே ஏதோ இழுபடுகிற சத்தம். போய்ப் பார்த்தேன். பலகை மடங்காமல் நின்றது. பலகையைப் பிடித்திருந்த கொக்கி அந்தப் பக்கம், நாற்காலியிலிருந்து எட்டாத இடம். நாற்காலி குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் தரையில் இருந்தார். இரண்டு கையையும் ஊன்றி, பின்பக்கத்தால் நகர்ந்து, பாத்ரூம் வாசல்வரை போய்விட்டார். கைலி தரையில் இழுபட்டது.

"அண்ணே."

"வராத."

"கூப்பிட்டிருக்கலாம்ல?"

"வராதன்னேன்ல. போயி உன் வேலையப் பாரு."

போகவில்லை. அறையிலேயே நின்றேன். அவர் உள்ளே போய்க் கதவை இடது காலால் தள்ளிச் சாத்தினார்.

அவர் வெளியே வருவதற்குள் கீலைக் கழற்றிவிட்டேன். துண்டைப் பின்பக்கம் செம்பனை ஓரமாகப் போட்டேன். திரும்பி வந்தபோது அண்ணன் பாத்ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியைப் பக்கத்தில் கொண்டு போய் வைத்தேன். பிடித்துக்கொண்டு அவரே ஏறினார். நான் தொடவில்லை.

பலகை இருந்த இடத்தைப் பார்த்தார்.

"உன் பெரிய வண்டி?"

"ஓடாதுண்ணே. அலமாரியில வச்சிர்றேன்."

"ம்."

மாலையில் குட்டி எஞ்சின் ஓடியது.

பெரியது அலமாரியில் இருந்தது. நெற்றியில் குங்குமம் காய்ந்து கறுத்திருந்தது. நானும் அதைத் தொடவில்லை. ஒரு நாள் அண்ணன் எடுத்துத் தரச் சொன்னார். சும்மா கையில் வைத்திருக்க என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மடியில் கவிழ்த்து, ஒவ்வொரு சக்கரமாக விரலால் தள்ளிப் பார்த்தார். ஓட்டிய காலத்துப் பழக்கமாக இருக்கும்.

"டேய், இங்க வா. இத தள்ளிப் பாரு."

தள்ளினேன். நடு ஜோடி நகரவில்லை. முன்னாலும் பின்னாலும் நடு ஜோடி ஒட்டிக்கொண்டிருந்தது. பழச்சாறும் சதையும் குங்குமமும் சேர்ந்து பிசின் மாதிரி காய்ந்து கிடந்தது. நான் அரம் போட்டுத் தேய்த்த இடம் முழுக்க அதுதான்.

"வளைவு மேல பழி போட்டியே," என்றார். "எலுமிச்சம்பழம்டா."

"நறுக்கச் சொன்னது யாரு?"

"நறுக்குனது யாரு?"

அடுப்படியிலிருந்து மனைவி கேட்டுவிட்டாள். "சாமி காரியத்துல சண்ட போடாதீங்க. ரெண்டு பேருக்கும் தே வேணுமா வேணாமா?"

ஸ்பிரிட்டும் காது குடைகிற பஞ்சுக்குச்சியும் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணன் சுரண்டி எடுத்தார். அவசரப்படவில்லை. அவருக்கும் வேறு வேலை இல்லை. நடு ஜோடி நகரத் தொடங்கியதும் என்னிடம் நீட்டினார். தண்டவாளத்தில் வைத்தேன். அறுத்த பலகை, சின்ன வளைவு, இரண்டு குட்டைப் பெட்டி. அண்ணன் கண்ட்ரோலரைக் கொஞ்சமாகத் திருகினார். மூக்கு வெளியே நீண்டது, பின்பக்கம் உள்ளே ஒதுங்கியது, போய்விட்டது. மறுபடி வந்தது. மறுபடி போனது.

தம்ளரில் தே ஆறிக்கொண்டிருந்தது. சுற்றிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் கண்ட்ரோலரை என் கையில் கொடுத்தார்.

"பிடி. வந்துர்றேன்."

நாற்காலியைப் பின்னால் ஒரு தள்ளு, பக்கவாட்டில் ஒரு தள்ளு. திரும்பியது. கதவைத் தாண்டிப் போனார். நான் எழுந்திருக்கவில்லை. வளைவு வந்தது. வேகத்தைக் குறைத்தேன்.