கடைசியாக உள்ளே வந்தவர்

காபி இறங்குவதற்குள் டுவேன் ஷாட்ஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் வேலை செய்யும். மற்ற விரல்கள் வேடிக்கை பார்க்கும். திரையில் ஒரு கருப்புச் சன்னலைத் திறந்து ‘last’ என்ற நான்கு எழுத்துக்களைத் தேடித் தேடித் தட்டுகிறார். இந்தக் கம்ப்யூட்டருக்குள் யார் யார், எப்போது வந்து போனார்கள் என்று வரிசையாக வந்து விழுகிறது. எல்லாம் அவர் பெயர்தான். மாதத்துக்கு ஒரே ஒரு வரியில் மட்டும் ‘கோரி’ என்று இருக்கும். அந்த வரி புதிதாக வந்திருக்கும் காலையில் மனிதர் ஒரு முட்டை கூடுதலாகப் பொரித்துக்கொள்வார்.

கோரி அவருடைய மகன். அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஓரிகனில் இருக்கிறான். அப்பாவோடு பேசுவதில்லை.

வடக்கு டகோட்டாவில், எழுபதைத் தாண்டிய பிறகும், குளிர்காலத்தில் கூட்டுறவுச் சங்கத்தின், வீடுகளைச் சூடாக்கும் புரொப்பேன் எரிவாயு லாரியை ஓட்டுகிறவர் டுவேன். பண்ணை வீடுகளுக்குப் போவார், குழாயை இழுப்பார், தொட்டியை நிரப்புவார், பில் சீட்டைக் கதவுப் பிடியில் செருகிவிட்டுக் கிளம்பிவிடுவார். உள்ளே விளக்கெரிந்தாலும் மணி அடிக்கமாட்டார். சன்னல் வழியாக யாராவது கையசைத்தால் தொப்பியைத் தொடுவதோடு சரி. “வீடு சூடா இருக்குதுல்ல, அப்புறம் எதுக்குப் பேச்சு?” என்பார். அன்பு என்றால் அவருக்கு அதுதான். ஆள் தெரியாமல் வரவேண்டும், நிரப்பவேண்டும், போய்விடவேண்டும்.

இப்படி வார்த்தையைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவர்கள் செலவழிக்கக்கூடாத இடத்தில் மொத்தமாகக் கொட்டிவிடுவதுண்டு. மனைவி லவோன் இறந்தபோது, அடக்கம் முடிந்து சர்ச் நிலவறையில் எல்லாரும் ஹாம் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னிலையில் டுவேன் மகனைப் பார்த்து, “உங்கம்மா படுத்துக் கெடந்தப்போ கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டுக் கெடந்தே, இப்ப என்னத்துக்கு வந்தே?” என்று கேட்டுவிட்டார். காபி ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். கோரி தட்டைக் கீழே வைத்தான். மறுநாள் காலை ஊருக்குக் கிளம்புமுன் அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸைத் துடைத்தெடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். அந்த நான்கெழுத்தையும் அப்போதுதான் சொல்லிக் கொடுத்தான். “இனிமே இது மக்கர் பண்ணாது. நான் அங்கேர்ந்தே பாத்துக்கறேன்.” அதுதான் அவன் பேசிய கடைசிப் பேச்சு. பிறகு போன் இல்லை, கிறிஸ்துமஸ் அட்டைகூட இல்லை.

ஆனால் மாதம் ஒருமுறை அந்த வரி வந்துகொண்டிருந்தது. பையன் கதவைத் தட்டாமல் வந்து, வேண்டியதைச் செய்துவிட்டு, ஓசைப்படாமல் போகிறான் என்று டுவேன் எடுத்துக்கொண்டார். அதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பெருமைகூட இருந்தது. இங்கே விடியற்காலை என்றால் அங்கே நடுநிசி தாண்டியிருக்கும் என்பது ஒன்றுதான் கவலை. “உன் தம்பி தூங்கறதே இல்ல போலருக்கு. ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?” என்று மகள் ரெனேயிடம் போனில் சொல்லிப் புலம்புவார். ஒருமுறை பிரிண்டரை வேண்டுமென்றே கெடுத்து வைத்துக்கூடப் பார்த்தார். அடுத்த வரி வந்தது, பிரிண்டர் கெட்டது கெட்டபடியே இருந்தது. “வேலை ஜாஸ்தி அவனுக்கு,” என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அதன் பிறகு எதையும் அச்செடுப்பதையே விட்டுவிட்டார்.

கூட்டுறவுச் சங்கத்தில் காலைக் காபிக்குக் கூடும் கிழவர்கள், அன்றைய காபி யார் தலையில் என்று பகடை உருட்டிக்கொண்டே அவரைக் கிண்டல் செய்வார்கள். “ஏம்ப்பா டுவேன், இந்த லினக்ஸை இனாமாக் குடுக்கறான்னா அதுல ஏதோ வில்லங்கம் இருக்குன்னு அர்த்தம். எவன் உள்ள வரான், எவன் போறான்னு உனக்குத் தெரியுமா?” என்பார் ஆர்லன். “எனக்குத் தெரியும்,” என்று டுவேன் பகடையை உருட்டுவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

போன இலையுதிர்காலத்தில் அவர் இதயம் மக்கர் பண்ண ஆரம்பித்தது. டாக்டர் இருப்பது ஃபார்கோவில். பனியில் மூன்று மணி நேரம் லாரிக்காரர்களே யோசித்துப் போகிற பாதை. வீட்டில் இருந்தபடியே திரையில் பார்த்துவிடலாம் என்று ஆஸ்பத்திரி சொன்னது. ஆனால் அவர்களுடைய ஏற்பாடு விண்டோஸில்தான் ஓடும். டுவேனிடம் இருப்பதோ மடக்குகிற போன். ரெனே நர்ஸ், கேட்கவேண்டுமா? “அப்பா, அந்த லினக்ஸைத் தூக்கிப் போட்டுட்டு விண்டோஸுக்கு மாத்துங்க. பத்து நிமிஷ வேலை. உங்க பிடிவாதத்துக்கு ஒருநாள் பள்ளத்துலதான் வண்டியோட உங்களைத் தேடணும்.” போன் வந்தபோதெல்லாம் இதே பாட்டு. கடைசியில், ஒரு சனிக்கிழமை, டுவேன் கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போனார். சனிக்கிழமைகளில் பெத் ஓப்டால் அங்கே ஒரு மேஜை போட்டு ஊராருக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிறாள்.

பெத் நல்லவள். ஆனால் கண்ணில் பட்டதை உடனே வாய்விட்டுச் சொல்லிவிடுகிற ரகம். எதையும் அழிக்குமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவள் வழக்கம். பார்த்தாள்.

“இந்தக் கோரி யாரு?”

“என் பையன். மாசா மாசம் வந்து சரி பண்ணிட்டுப் போவான். ராத்திரி பூரா முழிக்கறான், கழுதை.”

பெத் இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தாள். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். “டுவேன், இது ஆள் வரதில்ல. அவரு தன்னோட கம்ப்யூட்டர்ல ஒருதடவை ஒரு புரோகிராம் எழுதி வச்சிருக்காரு. அது தானா வருது, அப்டேட் பண்ணுது, தானா போகுது. மாசத்தோட மொதல் திங்கக்கெழமை, எப்பவும் அதே நிமிஷம். மனுஷங்க இப்படி வரமாட்டாங்க.”

“எப்பலேர்ந்து?”

“ஆரம்பத்துலேர்ந்தே.”

டுவேன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப அந்தப் பிரிண்டர்?”

“அது கெட்டதே அவருக்குத் தெரிஞ்சிருக்காது.”

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்குப் பட்டிருக்கவேண்டும். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். பிறகு, “விண்டோஸ் போட்டா அது வருமா?” என்று கேட்டார்.

“வந்து தட்டும். கதவு திறக்காது. உடனே அவருக்கு ஒரு மெயில் போகும், அப்பா வீட்டு மெஷின் பதில் சொல்லலேன்னு. இந்த வேலை தெரிஞ்சவங்க அப்படி ஒண்ணு வைக்காம இருக்கமாட்டாங்க.”

“அப்ப அவனுக்குத் தெரிஞ்சுபோகும்.”

“தெரியட்டுமே, நல்லதுதானே? உங்க வயசுக்கு, என்னமோ ஏதோன்னு பதறிப்போய்க் கூப்பிடுவாரு. பேசிடலாம்ல?”

வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிடமே அழித்துவிடு என்றிருப்பார்கள். டுவேன் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். “அவன் என்னை உரிச்சு வச்சவன், பெத். அவன் எடத்துல நான் இருந்தா கூப்பிடமாட்டேன்.”

பெத் விண்டோஸ் இருந்த பென் டிரைவை அவர் கையில் வைத்தாள். “யோசிச்சுட்டு நீங்களே போடுங்க.” அவர் பெட்டியைத் திரும்பவும் போர்வையில் சுற்றினார், குழந்தையைப் பனியில் வெளியே எடுத்துப் போகிறவரைப் போல மூலை மூலையாக இழுத்து மூடினார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் ஃபார்கோவுக்குத் தன் வண்டியில்தான் போய் வந்தார். பனி அள்ளும் வண்டிக்குப் பின்னாலேயே ஊர்ந்து ஊர்ந்து. ஒருதடவை பாதியில் சாலையை மூடிவிட்டார்கள். பெட்ரோல் பங்கில் உட்கார்ந்து இரண்டு வேளையும் சூப்பைக் குடித்துவிட்டு, டாக்டரைப் பார்க்காமலே திரும்பினார். சங்கத்தில் ஆர்லன் கேட்டதற்கு, “புது மெஷினெல்லாம் எனக்குப் படியாது,” என்று சொல்லி வைத்தார். நான்கெழுத்தைத் தட்டுவதையும் நிறுத்தவில்லை. இப்போது அந்த வரி என்றைக்கு வரும், எந்த நிமிடத்தில் வரும் என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் பார்த்தார். முட்டை மட்டும் ஒன்றுதான். அப்பா வீட்டு மெஷினை அந்தப் பையன் தன் பட்டியலிலிருந்து இன்னும் அடிக்காமல் விட்டிருக்கிறான் என்பதற்கு என்ன பொருள்? மறந்துபோனதாகவும் இருக்கலாம், மனசு வராததாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று தெரியாமலிருப்பதை வைத்துக்கொண்டுதான் அவர் அந்தக் குளிரைத் தள்ளினார். பார்க்கச் சகிக்காத பிழைப்பு.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து ரெனே அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்த ஹாட்டிஷை அடுப்பில் வைத்தாள். அலமாரியில் பென் டிரைவைக் கண்டுபிடித்தாள்.

“இத்தனை நாளா இது இங்கதான் இருந்துதா? அப்பா, உங்களுக்கு என்னதான் பிரச்சனை?”

“ஓடிட்டுத்தானே இருக்கு.”

“ஓடறது கம்ப்யூட்டர். நான் கேக்கறது உங்களை.” அவள் பென் டிரைவை மேஜைமேல் வைத்தாள். “அம்மாவோட வியாதியும் கடைசி நேரத்துலதான் தெரிஞ்சுது. கோரி என்ன, இதுக்காகக் கோவிச்சுக்கப்போறானா? அவனுக்கு இது ஞாபகம்கூட இருக்காது.”

ரெனே கம்ப்யூட்டரை அணைத்தாள். விசிறி ஓசை அடங்கியதும் சமையலறை திடீரென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது. “சாப்பிட்டுட்டு மாத்திடலாம். சரியா?” என்று அவர் தோளைத் தொட்டுவிட்டு, தட்டு எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனாள்.

அவள் முதுகு மறைந்ததும் டுவேன் நாற்காலியைத் தள்ளினார். மருத்துவர் குனியக்கூடாதென்று சொல்லியிருக்கும் மனிதர், மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க, இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி மேஜைக்கு அடியில் போனார். சுவரில் ப்ளக் சரியாகத்தான் இருந்தது. அதைக் கட்டைவிரலால் இன்னும் உள்ளே அழுத்தினார். பிறகு கையை நீட்டிப் பெட்டியின் பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்து அமுக்கினார்.