கிள்ளைவரை நான் படகில் போனேன்

தலைவரே, என் வீட்டுக்காரரின் படகை மணலில் ஏற்றிப் போட்டவர் நீங்கள்தான். வேறு யாரும் இல்லை. நான் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டேனாம். அதற்காக அவர் கோயில் வாசலில் ஊர் பார்க்க உங்கள் காலில் விழ வேண்டுமாம், படகுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டுமாம். அதுவரை படகு தண்ணீரில் இறங்கக் கூடாது, அவரோடு யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கடலூர் துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே பெண்கள் படகில் ஏறக் கூடாது. கரைக்கு வந்த மீனை அள்ளலாம், ஏலம் எடுக்கலாம், வலையில் மாட்டிய நண்டைப் பிய்த்து விரலைக் கிழித்துக்கொள்ளலாம். படகுக்குள் கால் வைத்தால் மட்டும் மீன் படாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் சிதம்பரத்துக்கு மீன் கொண்டுபோய் விற்கிறேன். பஸ்ஸில் எனக்குக் கடைசி சீட்டு, காலுக்கு நடுவே அன்னக்கூடை. பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார். அந்த ரோட்டிலிருந்து கடல் தெரியாது. கடலில் சம்பாதித்துச் சாப்பிடுகிற நான் கடலைக் கரையில் நின்றுதான் பார்த்திருந்தேன்.

இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. எங்களுடையது சின்ன ஃபைபர் படகு, அதற்குத் தடை இல்லை. ஆனால் வலை பாதி கிழிந்து கிடந்தது, பிள்ளைகள் லீவுக்கு என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஒரு நாள் சாப்பாடு போடும்போது கேட்டுவிட்டேன்.

“யோவ், என்னைக் கிள்ளை வரைக்கும் படகுல கூட்டிக்கினு போய்யா.”

“கிள்ளைல என்னா இருக்குது?”

“ஒண்ணுமில்ல. சும்மா போயிட்டு வரலாம்.”

“சும்மாவா? டீசல் உங்கப்பனா ஊத்துவாரு?”

என் தம்பி பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “பாய் கட்டிக்கலாம் மாமா. காத்துக்கு யாரு துட்டு கேக்கறா? அக்கா ஒண்ணும் ஜாஸ்தி கேக்கலியே.”

“நீ வாய மூடிக்கினு துன்னு மச்சான். ஊருல என்னா சொல்லுவாங்கன்னு உனக்குத் தெரியாதா?”

“சொல்லட்டும்” என்றேன் நான். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, “குடிக்கத் தண்ணி ரெண்டு கேன் எடுத்து வை” என்றார். அந்த மனுஷனுக்கு நன்றி சொல்ல எனக்கு வேறு வார்த்தை தெரியாது.

நாங்கள் ஒளிந்து போகவில்லை. நன்றாக விடிந்த பிறகு, மணலில் நின்றவர்கள் எல்லாரும் பார்க்கத்தான் ஏறினேன். பாயைப் பற்றியும் உங்களிடம் யாரோ சொல்லியிருப்பார்கள். உண்மைதான். அது உங்கள் பெரிய மகன் கல்யாணத்துக்கு வைத்த ஃப்ளெக்ஸ். கல்யாணம் முடிந்ததும் ஆட்டுக் கொட்டகைக்குப் போடலாம் என்று என் தம்பி கழற்றி வந்தது. பாய்க்காகச் சாய்வாக வெட்டியதில் மாப்பிள்ளை பாதியோடு போய்விட்டார். உங்கள் மீசையும் கும்பிட்ட கையும் முழுசாக நின்றன. காலையில் கரைக்காற்று வந்து அடித்ததும் நீங்கள் கன்னம் உப்பி எங்களை இழுத்துக்கொண்டு போனீர்கள். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

முதலில் வாந்தி எடுத்தேன். தம்பி சிரித்தான், இவர் எலுமிச்சம்பழத்தை வெட்டிக் கையில் கொடுத்தார். பிறகு சரியாகிவிட்டது. கரை மெல்ல நகர்ந்தது. சிப்காட் புகைக்குழாய்கள், சவுக்குத் தோப்பு, எங்கள் ஊர், எல்லாம் விரல் அளவுக்கு வந்துவிட்டன. ஓர் இடத்தில் இவர் பாயைத் தளர்த்திவிட்டு, “இங்கதான் நமக்குச் சோறு” என்றார். எனக்கு எல்லாம் ஒரே தண்ணீராகத்தான் தெரிந்தது.

“எப்படிய்யா கண்டுபுடிக்கிற?”

“அந்தக் குழாய் தெரியுதா? அதுக்கு நேரா ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும் பாரு.”

பார்த்தேன். எங்கள் மாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி. வாசல் பக்கம் பெரிதாக மேடை கட்டி அதன் மேல் அசிங்கமாக ஏன் வைத்தாய் என்று நான் இவரைத் திட்டாத நாள் இல்லை. குழாயும் தொட்டியும் ஒரே கோட்டில் வந்தால் அடியில் பாறை இருக்கிறது, மீன் நிற்கும் என்று அர்த்தமாம்.

“இத வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா?”

“கரைல சொன்னா உனக்கு எப்படிப் புரியும்?”

“ஜிபிஎஸ் வாங்கனியே மாமா, அது?” என்றான் தம்பி.

“அது சார்ஜ் போயிடும். எங்கூட்டுத் தொட்டி எங்க போவும்?”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இத்தனை வருஷமாக இவர் வீட்டைப் பார்த்துக்கொண்டேதான் வலை விட்டிருக்கிறார்.

சாமியார்பேட்டை தாண்டியதும் காற்று திரும்பிவிட்டது. இஞ்சினைப் போட்டு வெள்ளாற்று முகத்துவாரத்தில் நுழைந்தோம். பரங்கிப்பேட்டையில் என்னிடம் வழக்கமாகக் கருவாடு வாங்குகிற ஒரு முஸ்லிம் அக்கா இருக்கிறார், லாத்தா என்று கூப்பிடுவேன். நான் வந்திருப்பது தெரிந்து கரைக்கே வந்துவிட்டார். “என்னாடி இது, பஸ்ஸுல கூடையோட வந்து எறங்குவே, இன்னிக்கி கப்பல்ல வந்திருக்கே!” என்று கத்தினார். பாயில் உங்களைப் பார்த்துவிட்டு, “இவரு யாரு, மொதலாளியா?” என்றும் கேட்டார். எனக்குக் குளிக்க வெந்நீர் போட்டார், தன் புடவையைக் கொடுத்தார், நெய்ச்சோறு போட்டு இரண்டு தரம் வற்புறுத்தினார். ஆண்கள் படகில் படுத்துக்கொண்டார்கள், நான் அவர் வீட்டுக்குள் ஃபேன் காற்றில் தூங்கினேன். என் சொந்தக்காரர்கள் வீட்டில்கூட என்னை இப்படி நடத்தியது இல்லை.

மறுநாள் வாய்க்கால் வழியாகக் கிள்ளைப் பக்கம் போனோம். அவசரமே இல்லை. காற்று வந்தால் பாய், இல்லாவிட்டால் துடுப்பு. இரண்டு பக்கமும் சுரபுன்னைக் காடு, தலைக்கு மேல் நிழல். இவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினார், சுக்கானை நான் பிடித்திருந்தேன். ஒரு தரம் படகைச் சேற்றில் சொருகிவிட்டேன். அப்போதும் இவர் எழுந்திருக்கவில்லை.

அங்கே மார்பளவு தண்ணீரில் பெண்கள் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வந்ததும் ஒரு படகில்தான், துடுப்புப் போட்டதும் அவர்கள்தான். எங்கள் ஊர்ச் சட்டத்தை ஒரு அம்மாவிடம் சொன்னேன்.

“ஏறக் கூடாதா? அப்ப நாங்க எப்படிம்மா சோறு துன்றது?” என்று கேட்டுவிட்டு, மற்றவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எங்கள் சட்டியில் ஒரு கை இறாலையும் போட்டார்.

கொஞ்ச தூரத்தில் பிச்சாவரம் பார்க்க வந்த டவுன் பெண்கள் ஆரஞ்சு மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு படகில் போனார்கள். அதில் ஒருவர் எங்கள் பாயைப் பார்த்து, “எந்தக் கட்சிப்பா?” என்றார். “பொண்ணு வூட்டுக் கட்சி” என்றான் தம்பி.

அன்று சாயங்காலம் படகைக் கிள்ளையில் கட்டிவிட்டு பஸ்ஸில் சிதம்பரம் போனோம். கூடை இல்லாமல் நான் அந்த ஊருக்குப் போனது அதுதான் முதல் தடவை. ஜன்னலோர சீட்டு. ஹோட்டலில் உட்கார்ந்து இட்லியும் கொத்சும் சாப்பிட்டோம். கீழ வீதியில் நான் வழக்கமாக மீன் கொடுக்கிற ஒரு அம்மா என்னை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனார். கூப்பிடவில்லை. ஒரு நாளாவது மீன்காரியாக இல்லாமல் நடந்துவிட்டுப் போகிறேனே.

மறுநாள் படகில் திரும்பி வரும்போது தொட்டிக்கு நேரே நின்று, இருந்த நல்ல வலையை மட்டும் விட்டார்கள். கிழங்கா மீன் சட்டி நிறைய வந்தது. படகுக்குள் உட்கார்ந்து வலையிலிருந்து எடுத்தது நான். அந்த மீனில் உங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டேன், நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். சாயங்காலம் தீர்ப்புச் சொன்னீர்கள்.

இவர் விழத் தயாராகத்தான் இருக்கிறார். “போயி உழுந்துட்டு வந்துடறேன் புள்ள. ரெண்டு நிமிஷ வேல. தொழில் முக்கியமில்லியா?” என்கிறார். எனக்கும் முக்கியம்தான். அடுப்பு எரிவது என் வீட்டில்தானே. ஆனால் இவர் விழுந்தால் நான் செய்தது தப்பு என்று ஆகிவிடும், நாளைக்கு என் மகளும் கரையிலேயே நிற்பாள். “நீ உழுந்தா நான் உன்கூடப் பேச மாட்டேன்” என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருக்கிறார்.

முறைக்கு நீங்கள் எனக்கு மாமா. நாங்கள் மாடி கட்டுவதற்கு முன்னால், புயலில் எங்கள் ஓலைக் கூரை போனபோது உங்கள் மாடியைத் திறந்துவிட்டீர்கள், என் சின்னவனுக்கு உங்கள் வீட்டில்தான் பால் காய்ச்சினார்கள். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். அதனால்தான் போலீஸுக்கோ பேப்பர்காரனுக்கோ போகாமல் உங்களிடம் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை ஊர் கூடும்போது நானும் வருவேன், பெண்களையும் கூட்டி வருவேன். மைக்கைக் கையில் எடுங்கள். நான் ஏறியதால் யாருக்கு மீன் படாமல் போனது என்று பெயர் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால், படகை இறக்கலாம் என்று அதே மைக்கில், எல்லாரும் கேட்கச் சொல்லுங்கள்.